‘இது நான் இல்லம்மா’ என்கிறான் மகன்

கேள்வி:

மேடம், வணக்கம். என் வயது 43. இருபது வருடமாகச் சொந்தமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். முகப்படம் எடுப்பதுதான் முக்கியமான வேலை. எனக்கு ஒரே மகன். போன மாதம் அவனுக்கு 16 முடிந்தது.

அவனுடைய முதல் பிறந்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு படம் ஸ்டூடியோவில் எடுத்து வருகிறேன். அதே ஸ்டூல், அதே சாம்பல் நிறத் திரை, அதே 85 மி.மீ. லென்ஸ். வீட்டு ஹாலில் 15 படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. யார் வந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். பதினாறாவது படத்துக்கு ஆணிகூட அடித்து வைத்துவிட்டேன்.

இந்த வருடம் அவன் நடந்துகொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்தேன். சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்தேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கசங்கிய கறுப்பு டி-ஷர்ட்டில் வந்து நின்றான். இந்த அலட்சியம் அப்படியே அவன் அப்பா. லைட் செட் பண்ணவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. ‘சீக்கிரம் எடும்மா’ என்கிறான். ஸ்டூலில் உட்கார்ந்ததும் கையைத் தூக்கி முகவாயில் வைத்துக்கொண்டான். எடுடா என்றால் எடுப்பான், நான் கேமராவுக்குப் பின்னால் போனதும் கை மறுபடி அங்கேயே வந்துவிடும். இப்போதெல்லாம் வீட்டில் பேசும்போதும் இதே பழக்கம்தான். முகத்தில் கை வைக்காதே, பரு வரும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான் கேட்பது ஒரே ஒரு படம்.

ஸ்டூடியோவுக்கு எத்தனையோ பிள்ளைகள் வருகிறார்கள். முறைத்துக்கொண்டு உள்ளே வருகிற பையனையும் பத்து நிமிடத்தில் சிரிக்க வைத்துவிடுவேன். என் சொந்தப் பிள்ளையிடம்தான் என் பாச்சா பலிக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து நாக்கை நீட்டிக்கொண்டு நூறு செல்ஃபி எடுக்கத் தெரிகிறது. பெற்றவளுக்கு வருடத்தில் ஒரே ஒரு படம் கொடுக்க இவ்வளவு பிகு.

அதோடு விட்டானா? அன்று சாயங்காலம் படத்தைத் திரையில் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘இது நான் இல்லம்மா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கண்ணாடியில் பார்த்துப் பழகியவர்களுக்குப் படத்தில் தங்கள் முகம் அந்நியமாகத்தான் தெரியும், அதனால் அப்படி இருக்கிறது என்று விளக்கினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் 12-க்கு 18 அளவில் பிரின்ட் போட்டு, ஃபிரேம் செய்து, முதலில் அவன் பார்க்கட்டும் என்று அவன் அறையில் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறான். எவ்வளவு திமிர்! அன்று ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கிறான். படிக்கிற பிள்ளை இப்படிக் கண் விழித்தால் என்னாவது? போய்ப் படு என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் போனான்.

நான் படத்தை அப்படி ஒன்றும் மாற்றிவிடவில்லை மேடம். எல்லோருக்கும் செய்வதுதான். நெற்றியில் இருந்த இரண்டு பருவை எடுத்தேன், கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைக் குறைத்தேன். முகவாயில் அவனுக்கு ஒரு சின்னக் குழி உண்டு, மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் அதில் நிழல் தட்டும், அதை மட்டும் நான்கைந்து வருடமாகவே லேசாகச் சமப்படுத்திவிடுவது வழக்கம். (அவன் அப்பாவுக்கும் அந்தக் குழி உண்டு. நாங்கள் பிரிந்து ஐந்து வருடம் ஆகிறது. அது வேறு கதை, இங்கே தேவையில்லை.)

தனியாளாக நின்று அவனை வளர்க்கிறேன். அவனுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை. பதிலுக்குக் கேட்பது ஒரே ஒரு படம்தான். இந்த வயதில் இவ்வளவு கோபம் சகஜமா? செல்போனைப் பிடுங்கி வைத்தால் வழிக்கு வருவானா? அடுத்த வருடமாவது ஒரே ஒரு படம் ஒழுங்காக எடுக்க நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத அம்மா

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ‘ஒரே ஒரு படம்’ என்பது நான்கு இடங்களில் வருகிறது. சட்டை, லைட், செல்ஃபி எல்லாம் விரிவாக வருகின்றன. அவன் அப்பா மட்டும் இரண்டே இடங்களில் தலைகாட்டுகிறார். ஒன்று, சட்டைக்காகப் பையனைத் திட்டும்போது. இன்னொன்று, அடைப்புக்குறிக்குள். தேவையில்லை என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அந்த அடைப்புக்குறிக்குத்தான் நான் பதில் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் மற்றதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பதினாறு வயதில் கேமராவுக்கு முன்னால் கூசுவது சகஜம். வளரும் பிள்ளைகளுக்கு எந்நேரமும் ஒரு கூட்டம் தங்களையே பார்த்துக்கொண்டிருப்பது போன்ற நினைப்பு இருக்கும். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967லேயே இதைக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயரிட்டு எழுதினார். செல்ஃபியில் அந்தக் கூட்டத்தை அவனே நிர்வகிக்கிறான், பிடிக்காவிட்டால் அழிக்கிறான். உங்கள் ஸ்டூலில் அந்த வசதி கிடையாது. செல்போனைப் பிடுங்க வேண்டாம். அது இதில் குற்றவாளியே இல்லை.

கண்ணாடி விளக்கமும் சரியானதுதான். 1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவரின் படத்தை நேராக ஒரு பிரதியும் இடவலம் மாற்றி ஒரு பிரதியுமாகக் காட்டினால், அவருக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரியான பிரதி பிடிக்கிறது, அவருடைய நண்பருக்கு நேரான பிரதி பிடிக்கிறது. ஆக, ‘இது நான் மாதிரி இல்லையே’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் இடவலம் மாறினால் குழி இடம் மாறாது, நடுவில்தானே இருக்கிறது! காணாமலும் போகாது. உங்கள் மகன் சொன்னது சாதாரணமான, நேரான உண்மை. திரையில் இருந்தது அவன் இல்லை.

உங்கள் தொழில் எனக்குத் தெரியாது. அதனால் தெரிந்த ஒரு புகைப்படக்காரரிடம் பொதுவாகக் கேட்டேன். ‘பரு இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும், அதனால் படத்திலும் எடுத்துவிடலாம். மச்சம், தழும்பு, கன்னக்குழி எல்லாம் அந்த ஆளோடு இருப்பவை. அவர் கேட்டால் ஒழியத் தொடக்கூடாது’ என்றார். முகவாயில் நிழல் தட்டினால் என்ன செய்வீர்கள் என்றேன். ‘வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடுகிற ஒரு ரிஃப்ளெக்டர் அட்டையை மடியில் வைத்தால் போச்சு’ என்று சிரித்தார். இருபது வருட அனுபவம் உள்ள உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஸ்டூடியோவுக்கு வருகிற வேறொரு பையனின் முகவாயில் இந்தக் குழி இருந்தால் அதில் கை வைத்திருப்பீர்களா? வைத்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதில் ஓர் அழகு இருப்பது உங்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

நான்கைந்து வருடமாகச் சமப்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். பிரிந்து ஐந்து வருடம் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாததுபோல நடுவில் ஓர் அடைப்புக்குறியும் போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் இதைத் தெரிந்தே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. திரையில் ஒரு முகத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்பவர் நீங்கள். உங்களை விட்டுப் பிரிந்த ஒருவரின் முகவாய் அங்கே பெரிதாக வந்து நின்றால் கை தானாகத்தான் போகும். உங்களுக்கும் அவருக்கும் இடையே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தாங்க முடியாததாகவே இருந்திருக்கலாம். அந்தக் கோபத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் அழிக்க நினைத்த ஆள் வேறு, அழிந்த முகவாய் வேறொருவனுடையது. இந்த விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம்தான் நிற்கிறேன்.

இப்போது அந்தக் கைக்கு வருவோம். ஸ்டூலில் உட்கார்ந்ததும் முகவாய்க்குப் போன கை, எடுக்கச் சொன்னால் எடுத்து, நீங்கள் கேமராவுக்குப் பின்னால் போனதும் மறுபடி அங்கேயே போன கை. நீங்கள் அதைக் கெட்ட பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவுக்குப் பிடிக்காத இடம் எது என்று அந்தப் பையனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கலாம். மவுஸை வைத்து வருடா வருடம் நீங்களே குறித்துக் காட்டியிருக்கிறீர்களே! நீங்கள் பின்னால் அழித்து எடுப்பதை அவன் முன்கூட்டியே மூடித் தருகிறான். கூடவே, அலட்சியமாக இருந்தால் ‘அப்படியே அவன் அப்பா’ என்ற வசவும் வீட்டில் விழுகிறது. குணத்தில் அப்பாவைப் போல இருந்தால் திட்டு, முகத்தில் அப்பாவைப் போல இருந்தால் அழிப்பு. அவன் எங்கே போய் நிற்பான், சொல்லுங்கள்.

ராத்திரி ஒரு மணிக்கு ஹாலில் நின்று என்ன பார்த்துக்கொண்டிருந்தான் என்று யோசித்தீர்களா? நீங்கள் அதைத் தூக்கம் கெட்ட கணக்கில் எழுதிவிட்டீர்கள். இன்று ராத்திரி நீங்களே போய் அதே இடத்தில் நின்று பாருங்கள். முதல் படத்திலிருந்து முகவாயை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். பதினொன்றாவது படம் வரை அந்தக் குழி இருக்கும். அதற்கு அடுத்த படத்தில் நிற்பீர்கள். அவனும் அங்கேதான் நின்றிருப்பான்.

இவ்வளவுக்குப் பிறகும் அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். படத்தைக் கிழிக்கவில்லை, திருப்பி வைத்தான். ஸ்டூலுக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை, வந்து உட்கார்ந்தான். ‘இது நான் இல்லை’ என்று வெட்டவில்லை, ‘இல்லம்மா’ என்றான். அந்த ‘ம்மா’ உங்கள் காதில் விழவில்லையா? திமிர் பிடித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். புகார் சொல்லக்கூட உங்களைக் கூப்பிட்டுத்தான் சொல்கிறான்.

உங்கள் பயம் எது என்று நான் ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். பையன் வளர வளர அந்த முகம் வந்துகொண்டே இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மீசையும் குரலும் சேர்ந்து முழுதாக வந்துவிடும். முகம் வந்தால் கூடவே அவரும் வந்துவிடுவார், அவரைப் போலவே இவனும் ஒருநாள் கிளம்பிவிடுவான் என்று உள்ளுக்குள் கிடந்து அடித்துக்கொள்கிறது. விட்டுவிட்டுப் போவது குழி வழியாக வருகிற குணம் இல்லை, அம்மா. ஆனால் தன் முகத்துக்கு இடமில்லாத வீட்டிலிருந்து எந்தப் பிள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாக நகரத்தான் செய்யும். அந்த நகர்வைத்தான் இப்போது கோபம் என்கிறீர்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்த ஐந்து படங்களின் மூலக் கோப்புகள் உங்களிடம் இருக்கும், தொழில் செய்பவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள். அவற்றை எடுத்து நீங்களே சரிசெய்து, ஃபிரேம் மாற்றி, அவனை ஆச்சரியப்படுத்தலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அதுவும் அவனைக் கேட்காமல் அவன் முகத்தில் வேலை செய்வதுதான். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவனை உட்கார வையுங்கள். ‘உன் முகவாயைக் கேட்காமல் மாத்திட்டேன்டா, தப்புதான்’ என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீயும்...’ என்று ஆரம்பித்தால் சொன்னது அத்தனையும் வீண். ஏன் செய்தாய் என்று கேட்டால், அப்பா ஞாபகம் வந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிய குற்றப்பத்திரிகையை அன்றைக்கு வாசிக்க வேண்டாம். அதை வாசிக்க உங்களுக்கு வேறொரு காது வேண்டும். நேரில் ஓர் ஆலோசகரைப் பார்த்து அந்த ஐந்து வருடக் கதையைக் கொட்டிவிடுங்கள். நீங்கள் தேவையில்லை என்று சொன்னாலும், அது இருபது வருடத் தொழில் தெரிந்த கையையே உங்களுக்குத் தெரியாமல் ஆட்டிவைக்கிற அளவுக்குப் பெரிய கதை.

எந்தக் கோப்பை மறுபடி பிரின்ட் போடுவது, எதைப் போடக்கூடாது என்று அவன் சொல்லட்டும். ஒருவேளை பருவோடு சேர்த்தே போடு என்பான். போடுங்கள். எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றிவிடு என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும். வலித்தாலும் கழற்றுங்கள்.

அடுத்த வருடப் படத்தைப் பற்றி இப்போதே அவனிடம் பேச்செடுக்க வேண்டாம். ஹாலில் பதினாறாவது படத்துக்கு அடித்த ஆணி இருக்கிறதல்லவா, அதைப் பிடுங்கவும் வேண்டாம், அவசரப்பட்டு எதையாவது மாட்டவும் வேண்டாம். வருகிறவர்கள் யாராவது ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டால், அவனையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுங்கள்.