ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து? – கேள்வி பதில்

கேள்வி: சமூக ஒப்பந்தம் என்பதை ஒரே வரியில்?

பதில்: ஆளும் உரிமை மேலேயிருந்து இறங்கி வருவதில்லை, ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தில் பிறக்கிறது.

கேள்வி: அமெரிக்க அரசமைப்பில் வரும் ‘உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை’ ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கிடம் எடுத்ததா?

பதில்: அந்த வரி அரசமைப்பிலேயே கிடையாது. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் இருக்கிறது. அரசமைப்பு எழுதப்பட்டது 1787இல். லாக் சொன்னது உயிர், சுதந்திரம், உடைமை. உடைமை இருந்த இடத்தில், பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் மகிழ்ச்சியை வைத்தார். பிரகடனம் வேறு, அரசமைப்பு வேறு. தயவுசெய்து எங்காவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்றோ செத்துப்போனவர்கள் போட்ட ஒப்பந்தம் இன்று பிறந்தவனை எப்படிக் கட்டும்?

பதில்: இப்படி ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். லாக்கின் பதில் மௌன சம்மதம். ஒரு நாட்டின் சாலையில் நடந்தாலே அதன் சட்டத்துக்கு ஒப்புக்கொண்ட மாதிரி என்றார். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் 1748இல் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். தூங்குகிறவனைத் தூக்கிக் கப்பலில் போட்டுவிட்டு, ‘இறங்காமல் இருக்கிறானே, அப்போ கேப்டனின் அதிகாரம் அவனுக்குச் சம்மதம்தான்’ என்பது போலத்தானே இது? இறங்கினால் கடல்!

1789 செப்டம்பரில் பாரிஸில் இருந்த ஜெஃபர்சனுக்கும் இதே கவலை. பூமி உயிரோடு இருப்பவர்களுக்கே சொந்தம் என்று, அரசமைப்பை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான மாடிசனுக்கு எழுதினார். மரண அட்டவணையை வைத்துக் கணக்கும் போட்டார்: எந்த அரசமைப்புக்கும் ஆயுள் 19 வருடம், அதோடு சரி. மாடிசன் மரியாதையாக மறுத்தார். முன்னோர் செய்துவைத்ததன் பலனை அனுபவிக்கிறவன் அவர்கள் கடனையும் சுமக்கத்தான் வேண்டும். கெடு முடியும்போதெல்லாம் சொத்துரிமையும் ஆட்டம் காணும் என்றார். எனக்கு மாடிசன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் ஹியூமின் கப்பலுக்கு அவரிடமும் பதில் இல்லை.

கேள்வி: கிரீன் கார்டுக்கு இன்னும் எத்தனை வருடம் ஆகும்?

பதில்: குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்க அரசமைப்பு ‘மக்களாகிய நாங்கள்’ என்று ஆரம்பித்தாலும் ஒப்பந்தம் போட்டது மாநிலங்கள்தானே?

பதில்: 1788இல், அரசமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்யக் கூடிய வர்ஜீனியா மாநாட்டில், அதை எதிர்த்த பேட்ரிக் ஹென்றியும் இதைத்தான் கேட்டார். அந்த ஆரம்ப வரியின் முதல் வரைவில் 13 மாநிலங்களின் பெயரும் வரிசையாக இருந்தன. ஆனால் 9 மாநிலங்கள் ஏற்றால் போதும் என்பது விதி. எந்த 9 என்று தெரியாமல் எப்படிப் பெயர் போடுவது? எடுத்துவிட்டார்கள்.

கேள்வி (அதே நபர்): மாநிலங்கள் ஏற்றன என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே!

பதில்: மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்கவில்லை. இதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுத்த மாநாடுகள் ஏற்றன. அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

கேள்வி (வேறொருவர்): அந்த மக்களும் மாநிலவாரியாகத்தானே கூடினார்கள்? ரோட் ஐலண்ட் 1790 வரை வெளியே நின்றதே?

பதில்: நல்ல அடி. 34க்கு 32 என்று நூலிழையில்தான் உள்ளே வந்தது. சேராதவரை அரசமைப்பு அதைக் கட்டுப்படுத்தவில்லை, அது உங்கள் பக்கம். சேர்ந்தபின் தன்னிச்சையாக விலகலாமா என்பது வேறு. 1869இல் டெக்சஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. தென் மாநிலங்கள் விலகியதால் மூண்ட உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது 4 வருடம். தீர்ப்பை எழுதியது பீரங்கிதான் என்பீர்கள், மறுக்கமாட்டேன்.

கேள்வி: அடிமைகளிடம் சம்மதம் கேட்டார்களா?

பதில்: இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் 5 அடிமைகளை 3 பேர் என்று எண்ணி, எஜமானர்களின் மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபையில் கூடுதல் இடம் கொடுத்தார்கள். 1787 ஆவணத்தில் அவர்களுக்குப் பெயர் ‘மற்ற நபர்கள்’. அடிமைத்தனம் என்ற சொல் அரசமைப்புக்குள் நுழைந்ததே 1865இல், அதை ஒழித்த 13ஆம் திருத்தத்தில்.

கேள்வி: ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்பது அரசமைப்பில் எத்தனையாவது பிரிவு?

பதில்: மேலே போய் இரண்டாவது பதிலைப் படியுங்கள்.