கிரேக்கத் தீவுகளில் பத்து நாள்: எந்தத் தீவு, எத்தனை இரவு?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியை. 2027 மே மாத விடுமுறையில் கணவரோடும் 68 வயது அத்தையோடும் பத்து நாள் கிரேக்கத் தீவுகளுக்குப் போக நினைக்கிறோம். ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் சாண்டோரினி, மைக்கோனோஸ், கிரீட், ரோட்ஸ் என்று நான்கு தீவுகளைக் காட்டுவதாகச் சொல்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. மூவரும் சைவம். படங்களில் எல்லாத் தீவுகளும் ஒரே வெள்ளைச் சுவரும் நீலக் கூரையுமாகத் தெரிகின்றன. இவ்வளவு செலவழித்துப் போகும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் எத்தனை தீவு, எந்தத் தீவு என்பதெல்லாம் எளிதாக முடிவாகிவிடும்.

நீலக் கூரை ஒரு மாலையில் பார்த்து முடிகிற காட்சி. அந்தத் தீவுகளுக்கு மக்கள் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் அங்கே ஒரு நாள் கழிகிற விதம். துறைமுகம், சந்தை, தேவாலயம், கடற்கரை, உணவகம் எல்லாம் நடக்கும் தொலைவில் இருக்கும். பிற்பகலில் சிறிய கடைகளை அடைத்துவிட்டு ஊரே ஓய்வெடுக்கும். வெயில் தணிந்ததும் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் துறைமுகத் தெருவில் உலவ வருவார்கள். இரவு ஒன்பது மணிக்குத்தான் உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பிட உட்காரும். நீங்கள் கேட்கும்வரை பில் வராது. இடத்தைக் காலி செய்யுங்கள் என்று யாரும் பார்வையால்கூடத் துரத்த மாட்டார்கள். இந்தத் தீவுகளைச் சூழ்ந்த ஏஜியன் கடலில், தண்ணீரைக் கலங்கலாக்கும் நுண்ணிய மிதவை உயிரிகளுக்கான ஊட்டச்சத்து குறைவு. அதனால்தான் தண்ணீர் அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கிறது. கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதும் மிகக் குறைவு என்பதால் மேசைகளைக் கரையோரத்திலேயே போட முடிகிறது.

இதை அனுபவிக்க ஓர் ஊரில் தொடர்ந்து சில நாள் தங்க வேண்டும். நான்கு தீவுத் திட்டம் அதைத்தான் உங்களிடமிருந்து பறிக்கிறது. கிரீட் கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளம். அதற்கே தனியாக ஒரு வாரம் வேண்டும். ரோட்ஸ் துருக்கிக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாண்டோரினியிலிருந்து அங்கே போவதற்குள் ஒரு நாள் கரைந்துவிடும். மைக்கோனோஸ் இரவுக் கொண்டாட்டத்துக்குப் பெயர்போனது, விலையும் அதற்கேற்ப இருக்கும். உங்கள் மூவருக்கும் அது பொருந்தாது. இந்தத் திட்டத்தை ஏற்க வேண்டாம்.

என் யோசனை இது: ஏதென்ஸில் இரண்டு இரவு, நாக்சோஸில் நான்கு, சாண்டோரினியில் இரண்டு, கடைசியாக மீண்டும் ஏதென்ஸில் ஒன்று.

நாக்சோஸ் சைக்ளேட்ஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரியது. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய பயணிகள் கப்பலில் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். கப்பல் கரையை நெருங்கும்போதே கடலோரக் குன்றில் தனியாக நிற்கும் பளிங்கு வாசல் கண்ணில் படும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அப்பலோ என்னும் கிரேக்கக் கடவுளுக்குத் தொடங்கி முடிக்கப்படாமல் போன கோயிலின் வாசல் அது. சுற்றுலா வருவதற்கு முன்பே உழவால் வாழ்ந்த தீவு என்பதால் இதற்கென்று சொந்த வாழ்க்கை உண்டு. இதன் உருளைக்கிழங்கும் கிராவியேரா பாலாடைக்கட்டியும் கிரேக்கம் முழுவதும் பெயர்பெற்றவை. உள்நாட்டில் ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே ஹால்கி, மலைச்சரிவில் பளிங்குக்கல் பாவிய தெருக்களுடன் அபிராந்தோஸ் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு நாள் முழுதாக ஒதுக்குங்கள். நகரின் பழைய கோட்டைப் பகுதி ஏற்றமும் படிகளுமாக இருக்கும். ஆகவே அறையை ஆயியோஸ் யோர்கியோஸ் கடற்கரைப் பக்கம் எடுங்கள். அங்கே தரை சமம், கடல் ஆழம் குறைவு, கடைத்தெரு நடக்கும் தூரம். அத்தை யாருடைய துணையும் இல்லாமல் மாலையில் கடற்கரைக்குப் போய்வரலாம்.

சாண்டோரினியைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். கி.மு. 1600ஐ ஒட்டி வெடித்த எரிமலையின் உடைந்த விளிம்பில் நின்று கடலைப் பார்ப்பது உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத அனுபவம். ஆனால் படங்களில் வரும் ஈயா ஊரும் குகை அறைகளும் செங்குத்துச் சரிவில் இருக்கின்றன. பல விடுதிகளில் அறைக்குப் போகவே படி இறங்க வேண்டும், லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியோடு அது தண்டனை. கமாரி அல்லது பெரிசா என்னும் கருமணல் கடற்கரை ஊரில் தங்குங்கள். தரை சமம், வாடகை குறைவு, தலைநகரான ஃபிராவுக்கு பஸ் உண்டு. ஈயாவுக்கு அந்தி நேரத்தில் போகாமல் காலையில் போங்கள். உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கைக்கு நாளொன்றுக்கு 8,000 என்று 2025 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அதுவே அங்குள்ள நெரிசலைச் சொல்லும். எரிமலைச் சாம்பலில் புதைந்து மீட்கப்பட்ட அக்ரோதிரி நகரத்தைக் கட்டாயம் பாருங்கள். முழுவதும் கூரையின் கீழ் இருப்பதால் வெயில் தெரியாது, நடைபாதையும் வசதியானது. 2025 தொடக்கத்தில் அங்கே தொடர் நிலநடுக்கங்கள் வந்து பலர் தீவை விட்டு வெளியேறியது உண்மை. பிறகு அது அடங்கிவிட்டது. எனினும் விடுதியைக் கட்டணமின்றி ரத்துசெய்யும் வசதியோடு பதிவுசெய்வது நல்லது.

மே மாதம் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தேமி என்னும் காற்று நாள்கணக்கில் வீசும்; அது கடுமையானால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். மே மாதத்தில் அந்தத் தொல்லையும் கூட்டமும் குறைவு, மலைச்சரிவுகளில் பூக்களும் இருக்கும். கடல் மட்டும் குளிராக இருக்கும். 2027இல் கிரேக்கர்களின் ஈஸ்டர் மே 2 அன்று வருகிறது. அவர்களுக்கு ஆண்டின் பெரிய திருநாள் அதுதான். ஏதென்ஸ்வாசிகள் சொந்தத் தீவுகளுக்குத் திரும்புவதால் கப்பல்கள் நிரம்பிவிடும். நீங்கள் மே 10க்குப் பிறகு கிளம்புங்கள். எந்த மாதமானாலும் கப்பலில் திரும்பும் அன்றே ஊருக்கு விமானம் ஏறும்படி திட்டமிடாதீர்கள். கடைசி இரவை ஏதென்ஸில் வைத்தது அதற்காகத்தான். சாண்டோரினியிலிருந்து ஏதென்ஸுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அத்தைக்காக அந்தச் செலவைச் செய்யலாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் அஞ்சவே வேண்டாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஆண்டில் பாதி நாள் நோன்பு நாள். அதனால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் அங்கே தலைமுறைகளாக வளர்ந்திருக்கிறது. சாண்டோரினியின் ஃபாவா நம் பருப்புக் கடையலுக்கு நெருங்கிய உறவு. தக்காளிச் சாற்றில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை யிகாந்தெஸ். கத்தரி, சீமைச் சுரைக்காய், உருளை சேர்த்து ஆலிவ் எண்ணெய் விட்டு ஓவனில் வேகவைப்பது பிரியாம். எலுமிச்சை பிழிந்த கீரை ஹோர்தா. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். நோன்பு உணவில் இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் அனுமதி உண்டு. ஆகவே நோன்பு உணவு என்று மட்டும் கேட்டால் போதாது, கடலுணவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திராட்சை இலையில் சுற்றிய தோல்மாதெஸ், காய்க்குள் அரிசி அடைத்த யெமிஸ்தா இரண்டும் கொத்துக்கறியோடும் வரும், இல்லாமலும் வரும். கேட்டு வாங்குங்கள்.

இனி பணமும் காகிதமும். கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். கோடை நெருங்கினால் விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பது கடினம் என்பதால் ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். விடுதி வாடகைக்கு மேல் அரசுக் கட்டணம் ஒன்று தனியாக உண்டு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர விடுதியில் 5 யூரோ, ஐந்து நட்சத்திரத்தில் 15 யூரோ. பல முன்பதிவுத் தளங்களில் காட்டும் தொகையில் இது சேர்ந்திருக்காது. நாக்சோஸ் மலையூர்களுக்கு பஸ் உண்டு. ஆனால் நடைகள் குறைவு. உங்கள் கணவர் கார் ஓட்டுவார் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு, அந்த ஒரு நாளுக்கு மட்டும் வாடகைக் கார் எடுங்கள். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடும், மலைப்பாதை குறுகல். ஆகவே அவர் முதல் அரை மணி நேரம் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகட்டும்.