சமூக நீதி அரசியல் மருத்துவத்தைக் கெடுத்துவிட்டதா?

'அமெரிக்காவில் சமூக நீதி அரசியல் புகுந்து மருத்துவக் கல்வியைக் கெடுத்துவிட்டது என்பது உண்மையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மருத்துவ மாணவர் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

2021இல் கோலாலம்பூரில் ஒரு கோவிட் வார்டில் பணியாற்றினேன். செந்தூலிலிருந்து வந்த, நல்ல கறுத்த நிறமுடைய பெரியவர் ஒருவருக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 95 விழுக்காடு காட்டியது. அவரோ ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினார். மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுக்கச் சொன்னபோது, எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முடிவு 87 என்று வந்தது.

அந்தக் கருவி விரலின் ஊடே ஒளியைச் செலுத்திக் கணக்கிடுவது. தோலின் நிறமி அந்தக் கணக்கைக் குழப்பக்கூடும் என்பது 1990இலேயே ஆய்வாக வெளிவந்த செய்தி. ஆயினும் 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வுக்குப் பிறகுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள்: கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், உண்மையில் 88க்குக் கீழே இருந்தவை கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு. சிறுநீரகச் செயல்திறனைக் கணிக்கும் சூத்திரத்திலும் கறுப்பினத்தவருக்கு மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு கூட்டிக் காட்டும் பெருக்கெண் ஒன்று இருந்தது. அதை 2021இல்தான் நீக்கினார்கள். இவற்றை அரசியல் என்று ஒதுக்குவோர் எந்த எண் தவறு என்று காட்டட்டும்.

எல்லாவற்றையும் நான் ஆதரிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். இனப் பாகுபாட்டைப் போக்க என்று நடத்தும் ஒரு மணி நேரப் பட்டறையில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்குவதால் யாருடைய மனச்சாய்வும் மாறியதை நான் கண்டதில்லை. அந்த நேரத்தில் இதய ஒலியைப் பிரித்தறியக் கற்பித்திருக்கலாம்.

நம் மலேசியாவின் சங்கடம் வேறு. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரருக்கும் பூர்வகுடியினருக்கும், என்ற ஏற்பாட்டில், நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காத என் அக்காள் மகளை, அத்தான் வீட்டை அடமானம் வைத்துத் தனியார் கல்லூரியில் படிக்க வைத்தார். அந்தக் கொதிப்பில், அமெரிக்காவைத் திட்டும் காணொளிகளை இன்றும் குடும்ப வாட்ஸ்அப்பில் பகிர்ந்து, ஒதுக்கீட்டையும் தோல்நிற ஆய்வையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார். யாருக்கு இடம் கிடைக்கிறது என்பது வேறு, கிடைத்தவருக்கு எதைக் கற்பிக்கிறார்கள் என்பது வேறு என்று அவரிடம் வாதாடித் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.