தாத்தாவோட பட்டன் டப்பால ஒரு விளக்கு

கேள்வி: டிசைன் காலேஜ்ல முதல் வருஷம் படிக்கிறேன். நீங்க யாருன்னு சொல்ற மாதிரி ஒரு டேபிள் லாம்ப் பண்ணிட்டு வாங்க, ஆசையா வச்சிருக்கிற பொருளை வச்சே பண்ணணும்னு சொல்லிட்டாங்க. டைலரா இருந்த தாத்தாவோட கத்தரி, டேப், நூல் கட்டை, பட்டன் டப்பா, என் கொலுசு, ஸ்கூல் பேட்ஜ், பஸ் டிக்கெட் கட்டுன்னு எடுத்து வச்சிருக்கேன். எல்லாத்தையும் ஒரு ஸ்டாண்ட்ல ஒட்டிடலாமா?
- மாணவி, ஈரோடு

பதில்: ஐயோ ஒட்டிடாதீங்கமா, பழைய இரும்புக்கடை வாசல் மாதிரி ஆயிடும். ராத்திரி ரூம் லைட்டை அணைச்சிட்டு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி போன் டார்ச்சைப் பிடிச்சுப் பாருங்க, பேட்ஜ் சும்மா கருப்பா நிக்கும், டிக்கெட் கட்டும் அப்படித்தான், ஆனா பிளாஸ்டிக் பட்டன் இருக்கே, சிவப்பு பச்சைன்னு மிட்டாய் மாதிரி மின்னும். அதுதான் உங்க விளக்கு.

பெரிய கண்ணாடி ஜாருக்குள்ள ஒரு கண்ணாடி டம்ளரைக் கவுத்து வைங்க, சுத்தியும் இருக்கிற இடைவெளில பட்டனைக் கொட்டுங்க, டம்ளருக்குள்ள 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், வார்ம் வொயிட்டா வாங்குங்க. குண்டு பல்பு வேணவே வேணாம், அந்தச் சூட்டுக்கு பட்டன் உருகிடும். அடாப்டர் பிளக் பக்கமே இருக்கட்டும், 230 வோல்ட்டை ஜார் கிட்ட கொண்டு வராதீங்க.

வயரை ஒளிச்சு வைக்கணும்னு இல்ல. இத்தாலில காஸ்டிலியோனி பிரதர்ஸ்னு டிசைனர்ஸ் ரெண்டு பேர் 1962ல டோயோன்னு ஒரு விளக்கு பண்ணாங்க, உச்சில கார் ஹெட்லைட், வயர் போறது மீன்பிடி தூண்டில்ல இருக்குற வளையம் வழியா. நீங்க மெஷின்ல நூல் கோக்கிற மாதிரி அந்த நூல் கட்டைகள் வழியா கோத்து விடுங்க. கத்தரி நல்ல கனம் இருக்கும், அடிப்பலகைல அது படுக்குற அளவுக்குப் பள்ளம் வெட்டி வச்சா விளக்கு சாயாது, வேணும்போது எடுத்து வெட்டவும் செய்யலாம்.

ஆனா இதுவரைக்கும் சொன்னது எல்லாம் தாத்தா விளக்கு, நீங்க எங்க இதுல? தாத்தாவோட அளவு நோட்டு பரண்ல கிடந்தா எடுங்க. உங்க முதல் யூனிஃபார்ம் பாவாடை உயரம் என்னன்னு எழுதியிருப்பார், 15, 16 இன்ச் வருமா, விளக்கும் சரியா அந்த உயரத்துல நிக்கட்டும். கொலுசைக் கால்ல போட்டுக்கோங்க.

கேள்வி: அம்மாவோட முகூர்த்தப் பட்டுல லாம்ப் ஷேட் போடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பட்டு வெளிச்சத்துல நாளாக நாளாக வெளுக்கும், மடிப்பு மடிப்பா இத்துப்போகும், ஜரிகை வேற வயர்ல பட்டா வம்பு. புடவையை நீங்க கட்டிக்கோங்க, அதோட ஜாக்கெட் துணில தச்சது போக மிச்சம் பீரோ அடியில எங்கயாவது சுருட்டிக் கிடக்கும், அம்மாவைக் கேளுங்க.