ஜெர்மனியில் மக்களின் சமூக மனப்போக்கைத் தொடர்ந்து கேட்டறியும் ஆல்பஸ் கணக்கெடுப்பின் தரவில், அறிக்கையில் உள்ள சதவீதம் எனக்கு வரவில்லை. அதை வெளியிடும் கெசிஸ் நிறுவனத்தின் தரவை நம்பலாமா?

நம்பலாம். தரவைக் குறை சொல்லும் முன், எடை மாறியை (ஒவ்வொருவர் விடையையும் எவ்வளவாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்லும் எண்) போட்டீர்களா என்று பாருங்கள். ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளுக்கான கோப்பை இறக்கி நேராக அட்டவணை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆல்பஸில் கிழக்கு ஜெர்மனியரை வேண்டுமென்றே கூடுதலாக எடுக்கிறார்கள். மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மாதிரியிலோ மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வருவார்கள். கிழக்கைத் தனியாக ஆராயப் போதிய ஆட்கள் வேண்டும் என்பதே காரணம். ஒரு கேள்விக்குக் கிழக்கில் 40%, மேற்கில் 25% 'ஆம்' என்று வைத்துக்கொள்வோம். எடை போடாவிட்டால் நாடு முழுவதற்கும் 30% வரும், போட்டால் 27.5%. கிழக்கு, மேற்கைத் தனித்தனியாகப் பார்த்தால் இந்த எடை தேவையில்லை.

எடை போடுவது தரவைத் திரிப்பது என்று யாராவது சண்டைக்கு வரலாம். வயது, கல்வியை வைத்துப் பின்னால் சரிக்கட்டும் எடையைப் பற்றி விவாதிக்க இடமுண்டு. இது அதுவல்ல. தெரிவு வாய்ப்பில் நாமே உண்டாக்கிய ஏற்றத்தாழ்வைத் திருப்பிச் சரிசெய்வது மட்டுமே.

அடுத்தது விடுபட்ட விடைகள். அண்மைய கோப்புகளில் -9 என்றால் விடை தரவில்லை, -8 என்றால் தெரியாது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு மென்பொருளுக்கான கோப்பில் இவை விடுபட்டவை என்றே குறிக்கப்பட்டிருக்கும். ஸ்டேட்டாவில் வெறும் எண்ணாகவே நிற்கும். சராசரி எடுத்தால் அதையும் சேர்த்துக் கூட்டிவிடும். முதலில் ஒவ்வொரு மாறிக்கும் நிகழ்வெண் அட்டவணை எடுங்கள், எதிர்மறை எண்களை நீக்குங்கள், பிறகு கணக்கிடுங்கள்.

ஆண்டுகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1980 முதல் 1990 வரை மேற்கு ஜெர்மனியிலும் மேற்கு பெர்லினிலும் வாழ்ந்த ஜெர்மன் குடிமக்களை மட்டுமே பேட்டி கண்டார்கள். 1991 முதல் கிழக்கும் சேர்ந்தது. ஜெர்மன் மொழியில் பேட்டி தரமுடிந்த வெளிநாட்டவரும் சேர்ந்தார்கள். 1994இல் நகராட்சிப் பதிவேட்டிலிருந்து ஆளைத் தெரிவுசெய்யத் தொடங்கினார்கள் (1998 மட்டும் விலக்கு). அதற்கு முன் வீட்டைத் தெரிவுசெய்து, வீட்டுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்தார்கள். எனவே பெரிய குடும்பத்தில் இருப்பவருக்கு வாய்ப்பு குறைவு. பதிவேட்டால் இன்னொரு நன்மை: பேட்டியில் பதிவான பாலினமும் பிறந்த ஆண்டும் பதிவேட்டோடு பொருந்தாவிட்டால், பேட்டியாளர் வேறு ஆளைப் பேட்டி கண்டாரா, வீட்டிலேயே உட்கார்ந்து நிரப்பினாரா என்று விசாரிக்கலாம்.

2020 சுற்று பெருந்தொற்றால் 2021க்குத் தள்ளிப்போய், நேரடிப் பேட்டிக்குப் பதில் அஞ்சலிலும் இணையத்திலும் நடந்தது. எதிரே ஆள் இல்லாதபோது வெளிநாட்டவர் பற்றிய கேள்விக்கு மனிதர்கள் வேறு மாதிரிப் பதில் சொல்வார்கள். 2018ஐயும் 2021ஐயும் வைத்து 'மனப்போக்கு மாறிவிட்டது' என்று எழுதும் முன் இதை யோசியுங்கள்.

கடைசியாகத் தரவுக் கோப்பின் பதிப்பு எண். மூன்று எண்கள் இருக்கும். முதலாவது மாறினால் மாறிகளோ ஆட்களோ கூடியிருக்கலாம். இரண்டாவது மாறினால் பொருளைப் பாதிக்கும் திருத்தம். மூன்றாவது எழுத்துத் திருத்தம். 'ஆல்பஸ் 2018' என்று மட்டும் குறிப்பிட்டு இதை விட்டுவிடும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஒவ்வொரு மாறியும் எண்ணும் எதைக் குறிக்கிறது என்று விளக்கும் குறியீட்டுப் புத்தகம் தயாரிக்க மாதக்கணக்கில் உழைப்பவர்களின் பெயரும் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை.

எடை போட்டு, எதிர்மறை எண்களை நீக்கி, பதிப்பு எண்ணோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் அந்த அறிக்கை எந்த வயதினரை எடுத்தது என்று பார்ப்போம்.