வசந்தகாலக் கரடி வேட்டை: கேட்டவர்களுக்குப் பதில்

கனடாவின் வட ஒன்ராறியோவில் இருபத்தாறு ஆண்டுகள் இருக்கிறேன். அதில் பதினெட்டு ஆண்டுகள் கரடிக்குப் பின்னால் அலைந்த களப்பணி: குழாய்ப் பொறி வைப்பது, மயக்க ஊசி போடுவது, காதில் அடையாளத் தகடு குத்துவது. வேட்டை உரிமமும் வைத்திருக்கிறேன். மூஸ் என்ற பெரிய மானைச் சுட்டிருக்கிறேன், கரடி சுட்டதில்லை. மே 1ஆம் தேதி வசந்தகாலக் கரடி வேட்டைப் பருவம் தொடங்குவதால், அதை அனுமதிக்கலாமா கூடாதா என்று கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. கருங்கரடியைப் பற்றி மட்டும் கேளுங்கள். பனிக்கரடி எனக்குத் தெரியாத பாடம்.

எற்றோபிக்கோ வாசகர்: 1999இல் நிறுத்திய வேட்டையை ஏன் மறுபடி கொண்டுவந்தார்கள்? சுருக்கமாகச் சொல்லுங்கள் ஐயா.

சுருக்கமாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர்காலக் கரடி வேட்டை எப்போதும் இருந்துவந்தது. சண்டை முழுவதும் மே 1 முதல் ஜூன் 15 வரையான ஆறரை வாரத்தைப் பற்றித்தான்.

1999 ஜனவரியில் மாகாண முதல்வர் மைக் ஹாரிஸ் அரசின் இயற்கைவள அமைச்சர் ஜோன் ஸ்னோபெலன் இந்தப் பருவத்தை ரத்துச் செய்தார். அது தேர்தல் ஆண்டு. ரொபர்ட் ஷாட் என்ற தொழிலதிபரின் அறக்கட்டளை, தாயை இழந்த குட்டிகளின் கதையை ஆளும் கட்சியின் தொகுதிகளுக்கே விளம்பரமாகக் கொண்டுபோக ஆயத்தமாக இருந்தது. அரசுக்குக் கரடிமேல் திடீரென்று காதல் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேட்டைக்காரர்களும் காட்டு விடுதிக்காரர்களும் வழக்குப் போட்டார்கள். வேட்டையாடுவதும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று வாதிட்டார்கள். மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் அதை ஏற்கவில்லை.

பிறகுதான் வேடிக்கை. கரடித் தொல்லையை ஆராய அரசு அமைத்த குழு 2003இல் அறிக்கை கொடுத்தது. வசந்தகால வேட்டையை நிறுத்தியதால்தான் ஊருக்குள் கரடி கூடியது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு பக்கம். வடக்கின் பொருளாதாரத்தை எண்ணி மட்டுப்படுத்திய வேட்டையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று மறுபக்கம். ஆளுக்கொரு பாதியைக் கிழித்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அந்தப் பாதிகளைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2014இல் தண்டர் பே, சட்பரி, டிமின்ஸ் போன்ற ஊர்களை ஒட்டிய எட்டு வனவிலங்கு மேலாண்மைப் பிரிவுகளில், மாகாணவாசிகளுக்கு மட்டும், பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். 2016இல் இலையுதிர்கால வேட்டை உள்ள எல்லாப் பிரிவுகளுக்கும் விரித்தார்கள். வெளியூர்க்காரருக்கும் கதவு திறந்தது. 2021இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். பரீட்சையில் கேள்வி என்ன, விடை என்ன என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அஜாக்ஸிலிருந்து ஒருவர்: கரடி எதிரே வந்தால் செத்தவனைப்போல் படுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இரண்டு நண்பர்கள், ஒருவன் மரத்தில் ஏறினான், ஒருவன் மூச்சை அடக்கிப் படுத்தான், கரடி காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனது. நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த கதை. கருங்கரடி அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. ஓடாதீர்கள். முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள், உரத்துப் பேசுங்கள், அது போக வழிவிடுங்கள். மேலே பாய்ந்துவிட்டால் கையில் கிடைத்ததால் மூக்கிலும் முகத்திலும் அடியுங்கள். மரத்தில் ஏறுவதும் வீண். உங்களைவிட அது நன்றாக ஏறும்.

நோர்த் பேயில் வீடு வாங்கிய தம்பதி: போன ஆண்டு ஆகஸ்டில் குப்பைத் தொட்டியை ஆறு முறை கவிழ்த்தது. மே மாதம் வேட்டை நடந்தால் எங்கள் தெருவுக்கு நிம்மதி வருமா?

வராது. அனுமதிக்கலாமா என்ற விவாதத்தில் இந்த ஒரு பொய்தான் என் பொறுமையைச் சோதிக்கிறது.

கரடி ஏன் தெருவுக்கு வருகிறது? காட்டில் புளுபெரி பிடிக்காத ஆண்டு வருகிறது. ஜூனில் பின்பனி விழுந்தால் பூ கருகும். ஜூலையில் மழை பொய்த்தால் காய் சுருங்கும். குளிர்காலம் முழுவதும் ஒன்றும் உண்ணாமல் குகையில் கிடக்கப்போகிற விலங்கு அது; கோடை முடிவதற்குள் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். காட்டில் இல்லையென்றால் உங்கள் தொட்டியில் தேடும். ஒன்ராறியோவில் பல ஆண்டுத் தரவுகளை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வும் இதையே கண்டது: தொல்லை உணவு விளைச்சலைப் பொறுத்துக் கூடிக் குறைந்தது, முந்தைய பருவங்களில் எத்தனை கரடி சுடப்பட்டது என்பதைப் பொறுத்தல்ல. இன்னொன்று. மே மாதம் சுடப்படுவது நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, காட்டுப் பாதையோரம் வேட்டைக்காரர் வைத்த இரையைத் தின்ன வந்த கரடி. உங்கள் தெருவுக்கு வந்த கரடி வேறு.

குப்பையை அள்ளும் நாள் காலையில் வெளியே வையுங்கள், முந்திய இரவு வேண்டாம். பறவைத் தீனித் தட்டை ஏப்ரலில் இறக்கி நவம்பர் கடைசியில் ஏற்றுங்கள். வாட்டடுப்பின் கொழுப்புத் தட்டைக் கழுவுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

ஸ்கார்பரோ, பெயர் வேண்டாம் என்றவர்: கரடி இறைச்சியைக் கறி வைக்கலாமா?

வைக்கலாம். வசந்தத்தில் குருத்தும் புல்லும் தின்ற கரடி நல்ல இறைச்சி. எங்கள் கறித்தூளுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் தசைக்குள் ட்ரிக்கினெல்லா என்ற புழு இருக்கக்கூடும். உள்ளே 71 பாகை செல்சியஸ் எட்டும்வரை வேக வேண்டும். ஆழ்உறைபெட்டியில் மாதக்கணக்கில் கிடந்தால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். வடக்கத்திய வகை உறைபனியைத் தாங்கும். பித்தப்பையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உடலிலிருந்து எடுத்த பித்தப்பையை வைத்திருப்பதே இங்கே குற்றம். அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் கரடி நடமாட்டம். இங்கேயும் ஒரு வேட்டைப் பருவம் வைத்தால் என்ன?

உங்களிடம் இருப்பது தேன்கரடி. அது வேறு விலங்கு, வேறு குணம். குட்டியை முதுகில் சுமக்கும். மிரண்டால் மரத்தைத் தேடாது, உங்கள் மேல்தான் பாயும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டைப் பருவத்துக்கு இடமே இல்லை. வனத்துறையிடம் சொல்லுங்கள்.

மிசிசாகா: ஐயா, செத்தவனைப்போல் படுத்தால்...

அஜாக்ஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குவெல்ஃப் பல்கலைக்கழக மாணவி: மே மாதத்தில் தாயைச் சுட்டால் குட்டிக்கு என்ன ஆகும்? சட்டம் தடுக்கிறதே என்கிறார்கள். தடுக்கிறதா?

குட்டி ஜனவரியில் குகைக்குள் பிறக்கிறது. பிறக்கும்போது ஒரு மாம்பழ எடை. மே மாதம் பூனை அளவு, பால் குடிக்கும் வயது. தாயோடு அடுத்த ஆண்டுக் கோடைவரை திரியும். மே மாதத்தில் தாய் போனால் குட்டி பட்டினியால் சாகும். இல்லையென்றால் ஓர் ஆண்கரடிக்கு இரையாகும்.

வசந்தத்தில் குட்டியையோ குட்டியோடு இருக்கும் தாயையோ சுடுவது குற்றம்; 25,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. தாளில் பலமான சட்டம்தான். ஆனால் "குட்டியோடு இருக்கும்" என்பதைத் தீர்மானிப்பது பரணில் உட்கார்ந்திருப்பவரின் கண்.

டிமின்ஸ், முப்பது ஆண்டு வேட்டைக்காரர்: அண்ணை, இது நியாயமில்லை. இரை போட்டுச் சுடுவதால்தான் எங்களுக்கு நின்று நிதானித்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது. இரை இல்லாமல் இந்த அடர்ந்த காட்டில் அலைந்தால் கரடியின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். அவசரத்தில் சுட்டால்தான் தாய் சாகும்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். அல்பேர்ட்டா மலைச்சரிவில் தொலைநோக்கியால் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சுடலாம். நம் காட்டில் இருபது அடிக்கு அப்பால் கண் தெரியாது. இரை வைத்த பீப்பாயின் நடு வளையத்துக்கு மேல் முதுகு வந்தால் பெரிய ஆண், காது சிறிதாகப் பக்கவாட்டில் தெரிந்தால் ஆண், முகம் ஒடுங்கிக் காது பெரிதாகத் தெரிந்தால் பெண் அல்லது இளசு. கற்றவருக்கு இது உதவும். ஆண்கள்தான் குகையை விட்டு முதலில் வருகிறார்கள், அதிக தூரம் அலைகிறார்கள். ஆகவே வசந்தத்தில் விழுவதில் ஆண்களே அதிகம். இதுவும் உண்மை.

குவெல்ஃப் மாணவி மறுபடி: நாற்பது கிலோ டோனட்டைக் கொட்டிவிட்டுக் காத்திருப்பதற்கு வேட்டை என்று பெயரா? ஒரு கையால் குப்பையை மூடு என்கிறீர்கள், மறுகையால் காட்டுக்குள் குப்பையைக் கொட்டுகிறீர்கள்.

டிமின்ஸ்: தூண்டிலில் புழு மாட்டினால் மீன்பிடிப்பு இல்லையா தங்கச்சி?

மாணவி: மீன் தன் குஞ்சை மரத்தில் ஏற்றிவிட்டுத் தூண்டிலுக்கு வருவதில்லை அண்ணா.

இருவரும் இப்படியே பதினொரு முறை எழுதியிருக்கிறீர்கள், மற்றவற்றை நீக்கிவிட்டேன். மாணவியின் கடைசி வரியை மட்டும் விட முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஒரு மே மாத மாலை, நண்பரின் பரணில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பீப்பாயைச் சங்கிலியால் மரத்தோடு பூட்டியிருந்தார்; உள்ளே காய்ந்த டோனட், மேலே பொரித்த எண்ணெய். கறுத்த ஈ மொய்த்துக் காதோரம் இரத்தம் கசிந்தது. ஏழே முக்காலுக்கு ஒரு கரடி வந்தது. முதுகு நடு வளையத்தை எட்டவில்லை. இளம் ஆண் என்று அவர் கிசுகிசுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாற்பது நிமிடம் தின்றது. குட்டி இல்லை, குட்டியின் சத்தமும் இல்லை. வயிற்றுப்பக்கம் தெரியத் திரும்பவேயில்லை; திரும்பினாலும் அந்த மயிருக்குள் முலைக்காம்பு எளிதில் தெரியாது. நண்பர் துப்பாக்கியை உயர்த்தினார், வெளிச்சம் போதாதென்று இறக்கினார். கரடி மெல்ல நடந்து எழுபது எண்பது அடி தள்ளி நின்ற பெரிய வெண்பைன் மரத்தடிக்குப் போய் ஒரு உறுமல் கொடுத்தது. பட்டை உதிரும் ஒலி கேட்டது. அடிமரத்தைக் கட்டிப்பிடித்தபடி பின்புறமாக இரண்டு குட்டிகள் இறங்கின.

என் நண்பர் முப்பது ஆண்டு அனுபவசாலி. நான் சம்பளத்துக்குக் கரடி பார்த்தவன். நாற்பது நிமிடம், நாலு கண், இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தாய்க்கரடி குட்டியை மரத்தில் ஏற்றிவிட்டுத்தான் இரைக்கு வரும். ஏனென்றால் பீப்பாயடியில் பெரிய ஆண் இருக்கலாம் என்பது அதற்குத் தெரியும். நேரம் கிடைப்பது நல்லதுதான் டிமின்ஸ்காரரே. ஆனால் பார்க்க வேண்டியது பீப்பாயடியில் இல்லை.

டிமின்ஸ்: சரி, அண்ணையும் நிறுத்தச் சொல்கிறாரா?

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். மாகாணத்தில் ஏறக்குறைய 85,000 முதல் 105,000 கருங்கரடிகள் இருக்கின்றன என்பது அரசின் மதிப்பீடு. இந்த வேட்டையால் இனம் அழியாது. விடுதிக்காரருக்கு மே மாதம் வருமானம் வேண்டும், உங்களுக்கு இறைச்சி வேண்டும். இரண்டும் வெட்கப்பட வேண்டிய காரணமில்லை. அதைச் சொல்லிக் கேளுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். தெருவில் விளையாடும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று கரடி விடாதீர்கள். என்னிடம் பேனாவைக் கொடுத்தால் பருவத்தை மே கடைசியோடு முடிப்பேன். குட்டியோடு இருக்கும் தாய்தான் குகையை விட்டுக் கடைசியாக வருகிறாள், முதல் வாரங்களில் அதிக தூரம் போகவும் மாட்டாள். ஜூனில்தான் குட்டிகளோடு பரவலாகத் திரிவாள். ஜூன் பாதியை வெட்டினால் எல்லா ஆபத்தும் போகாது, கொஞ்சம் குறையும். இரு தரப்புக்கும் என் யோசனை பிடிக்காது என்பதும் தெரியும்.

வான்கூவர்: மற்ற இடங்களில் என்ன முடிவெடுத்தார்கள்?

கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் வசந்தகால வேட்டை உண்டு. உங்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மக்கள் 1992இல் வாக்களித்து அதை ஒழித்தார்கள்; இரை போடுவதையும் நாய் விடுவதையும் சேர்த்தே. வாஷிங்டன் மாநில வனவிலங்கு ஆணையம் 2021இல் 4க்கு 4 என்று சமமாகப் பிளந்ததால் அடுத்த ஆண்டுப் பருவம் நடக்கவில்லை. 2022இல் 5க்கு 4 என்று பொழுதுபோக்கு வசந்த வேட்டையை மூடிவிட்டார்கள். ஒரு கை மாறியிருந்தால் வேறு விடை.

தண்டர் பே: கரடி மூஸ் கன்றைத் தின்கிறது. அதற்காகவாவது வேட்டை வேண்டாமா?

தின்கிறது, பிறந்த முதல் சில வாரங்களில். மூஸ் குறைவதற்கு ஓநாய், உண்ணி, லாரி, நாம் எல்லோருமே பங்காளிகள். ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்.

பிரம்ப்டன் தாய்: முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பயமாக இருக்கிறது. தாய்க்கரடிதானே ஆபத்து?

1900 முதல் 2009 வரை கனடாவிலும் அமெரிக்காவிலும் கருங்கரடியால் இறந்தவர்கள் 63 பேர். அவற்றில் பெரும்பாலானவை தனியாக வந்த ஆண்கரடி மனிதரை இரையாக நினைத்துத் தாக்கியவை. குட்டியோடு இருக்கும் தாய் பெரும்பாலும் பல்லைத் தட்டி, ஊதி, பொய்யாகப் பாய்ந்து பயமுறுத்திவிட்டு விலகும். அனுப்புங்கள் அம்மா. கூடாரத்துக்குள் மிக்சர் பையை மட்டும் வைக்க விடாதீர்கள்.

விற்பி: கரடி வந்தால் மூச்சை அடக்கி...

இல்லை.

மார்க்கம்: மே லோங் வீக்கெண்டுக்கு முஸ்கோகாவில் குடில் எடுத்திருக்கிறோம். வேட்டைக் காலம் என்பதால் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கரடிகள் ஓடியிருக்கும்தானே?

ஓடியிருக்காது. குடிலின் பின்தளத்தில் பறவைத் தீனித் தட்டு தொங்கும். போன கையோடு அதைக் கழற்றி உள்ளே வையுங்கள். வாட்டடுப்பில் ஆட்டுக்கறி வாட்டினால் கொழுப்புத் தட்டை அன்றிரவே கழுவுங்கள். குப்பையைக் காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் இரவில் காருக்குள் விடாதீர்கள். கதவுப் பிடியை இழுத்துத் திறக்க அதற்குத் தெரியும்.