செல் நெரிசலில் டி.என்.ஏ.: கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): சார், ஈ.கோலை பாக்டீரியாவின் டி.என்.ஏ. 1.6 மில்லிமீட்டர் நீளம், செல்லோ 2 மைக்ரான்தான், அதாவது 0.002 மில்லிமீட்டர். செல் சவ்வுதான் அதை அடக்கி வைக்கிறதா?

பதில்: சவ்வு மட்டும் இல்லைம்மா. டி.என்.ஏ. செல் முழுக்கப் பரவாமல், நடுவில் ‘நியூக்ளியாய்டு’ என்ற பகுதியாகச் சேர்ந்து கிடக்கிறது. சுற்றிலும் மில்லிலிட்டருக்கு 300 முதல் 400 மில்லிகிராம் புரதமும் ஆர்.என்.ஏ.வும். இந்த நெரிசலும் டி.என்.ஏ. இழைகளை நெருங்க வைக்கிறது. முட்டை வெள்ளைக்கருவில்கூடப் புரதம் நூற்றுக்குப் பத்துதான், அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம். செல்லுக்குள் நிறைய காலி இடம் விட்டு வரைகிற பாடநூல் படங்கள் மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

கேள்வி: அண்ணா, நெரிசல் எல்லாப் பக்கமும்தானே தள்ளும்? இழைகள் ஏன் நெருங்க வேண்டும்?

பதில்: கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காயின் மையம் ஸ்ட்ரைக்கரைத் தொடவே முடியாது. காயின் ஆரத்தளவு தள்ளித்தான் நிற்கும். ஆக, ஸ்ட்ரைக்கரைச் சுற்றி அந்த மையம் நுழைய முடியாத ஒரு வளையம். இரண்டு ஸ்ட்ரைக்கர்களை ஒட்டி வைத்தால் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். அந்த அளவு இடம் காய்களுக்கு மிச்சம். செல்லில் ஓயாமல் முட்டி மோதும் புரதங்கள்தான் காய்கள், டி.என்.ஏ. இழைகள்தான் ஸ்ட்ரைக்கர்கள். அவை உலவ இடம் கூடும் நிலைதான் அதிகம் நிகழும். அதனால் தமக்குள் ஈர்ப்பே இல்லாத இழைகளும் நெருங்கிவிடும். இந்தக் கணக்கை 1954இல் போட்டவர்கள் அசகுரா, ஓசாவா என்ற ஜப்பானியர்கள்.

கேள்வி: கண்ணால் பார்க்க முடியுமா சார்?

பதில்: தலைகீழாக, அதாவது நெரிசலை நீக்கிப் பார்க்கலாம். சோப்புக் கரைசல் விட்டு பாக்டீரியாக்களை உடைத்தால், தண்ணீராக இருந்த கலவை சட்டென்று கெட்டியாகும். பிப்பெட் நுனியைத் தூக்கினால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு போல நூல் இழுக்கும். நெரிசலும் கட்டும் புரதங்களும் போனதும் டி.என்.ஏ. அப்படி விரிகிறது. நெரிசலைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை 1971இல் லெர்மன் என்ற ஆய்வாளர் காட்டினார்: பாலிஎதிலீன் கிளைக்காலும் உப்பும் சேர்த்தார், டி.என்.ஏ. இறுகிச் சிறு துகள்களானது. இந்தக் கிளைக்கால் மலச்சிக்கலுக்குத் தரும் தூளில் இருக்கிற அதே பொருள்தான், டி.என்.ஏ.வோடு ஒட்டுவதே இல்லை; நெரிசலை மட்டும் உண்டாக்குகிறது. உப்பின் வேலை, இழைகளின் எதிர்மின்னூட்ட விலக்கலைத் தணிப்பது.

கேள்வி: மனித செல்லிலும் இப்படியா?

பதில்: நெரிசல் அங்கும் உண்டு. ஆனால் 2 மீட்டர் டி.என்.ஏ.வை முதலில் சுற்றி வைப்பவை ஹிஸ்டோன்கள் என்ற புரதங்கள்.

கேள்வி: அப்படியானால் பாக்டீரியாவில் நெரிசல் மட்டுமே போதுமா?

பதில்: போதாது. டி.என்.ஏ. தன்மேலேயே முறுக்கிக்கொள்வதும், அதோடு ஒட்டும் எச்.யு. போன்ற புரதங்களும் வேண்டும். புரதம் செய்யும் ரைபோசோம்களையும் மறக்காதீர்கள். எம்.ஆர்.என்.ஏ. என்ற செய்தி இழையில் கோத்த ரைபோசோம்கள் பெரும்பாலும் நியூக்ளியாய்டுக்கு வெளியேதான் திரளும். ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்து எம்.ஆர்.என்.ஏ. உற்பத்தியை நிறுத்தினால் அந்தக் கோவைகள் கலையும், நியூக்ளியாய்டு விரியும். புரத உற்பத்தியை நிறுத்தும் குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நேர்மாறாக இறுகும்.